இரண்டு கையொப்பங்கள்

சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவன், கொழும்பில் என்னோடு ஒரே மேசையில் இருந்து பணியாற்றிய, இப்போது உயிரோடில்லாத நண்பர் ஒருவரின் மகன். அவனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பிரான்ஸில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சுப் பிரஜை. தொழில் நிமித்தம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் வசிக்கிறாள்.

"அங்கிள், நீங்களும் இப்பிடித்தானே லண்டனுக்குப் போனனீங்கள்? என்னென்ன கடுதாசியள் வேணும்?" என்று கேட்டான்.

சொன்னேன். விவாகப் பதிவுப் பத்திரத்தின் சான்றுப்படுத்திய பிரதி, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, இருவரது கடவுச்சீட்டுகள், அவள் டப்ளினில் தொழில் புரிகிறாள் என்பதற்கான அத்தாட்சி, இருவருக்கும் இடையிலான உறவைக் காட்டும் புகைப்படங்கள், கடிதங்கள். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டான்.

சட்டத்தையும் விளக்கினேன். ஐரோப்பிய ஒன்றியப் பிரஜை ஒருவர் தமது சொந்த நாட்டை விட்டு ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்கே தொழில் செய்தோ, கல்வி கற்றோ, தமது சொந்தப் பணத்திலோ வாழ்வாரானால், அவருடைய கணவனோ மனைவியோ எந்த நாட்டவராயிருப்பினும் அவரோடு கூட வாழும் உரிமை பெறுகிறார். 2004 ஏப்ரல் 29ஆம் திகதி நிறைவேற்றப்பட்ட ஒன்றியத்தின் 38ஆம் இலக்கப் பணிப்புரை இதனைச் சொல்கிறது. நுழைவு விசாவுக்குக் கட்டணமில்லை. விண்ணப்பித்து ஆறு மாதங்களுக்குள் வதிவிட அட்டை வழங்கப்பட வேண்டும். அது பொதுவாக ஐந்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாகச் சட்டப்படி வாழ்ந்தவருக்கு நிரந்தர வதிவிட உரிமை உண்டு.

"அப்ப லேசுதான்" என்றான் அவன். ஆமென்றேன். தொலைபேசியை வைத்த பின்னர்தான், அவனுக்குச் சொல்ல வேண்டியவற்றில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்ற எண்ணம் வந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பிறருடைய கதைகளையே எழுதிப் பழகிவிட்ட கை இது. என் கதையை எழுத எப்போதும் தயங்கியிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

1986ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் திருமணம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. கோண்டாவிலில் ஆறு பரப்புக் காணியையும் அதிலிருந்த பழைய கல்வீட்டையும் அவளுடைய தாயார் சீதனமாக எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். என் தொழில் கொழும்பில். மாதத்துக்கு ஒரு தடவை, போக்குவரத்து அற்ற காலங்களில் ஆண்டுக்கு ஒரு தடவை, ஊருக்குப் போய் வருவேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது, என் மனைவியும் எட்டு வயது மகளும் என் தாயாரும் அந்த மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். நான் கொழும்பில் இரவுப் பணியில் இருந்து, அந்தச் செய்திக்குத் தலைப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தார்கள் என்பது ஆறு நாட்களுக்குப் பின்னரே எனக்குத் தெரிய வந்தது.

1996ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியும் மகளும் ஒருவாறு கொழும்பு வந்து சேர்ந்தார்கள். தாயார் கரவெட்டியில் என் தங்கை வீட்டில் தங்கிவிட்டார். மனைவியின் தமையனார் நெதர்லாந்தில் இருந்தார். அவர் வழிகாட்ட, முகவர் ஒருவரும் அகப்பட்டார். பணத்துக்கு ஒரே வழி கோண்டாவில் காணிதான். உறவினர் ஒருவர் வாங்க முன்வந்தார்.

உறுதி எழுதிய நொத்தாரிசு என்னைப் பார்த்துச் சொன்னார்: "காணி அவவின்ரைதான். ஆனால் உங்கடை சம்மதக் கையெழுத்து இல்லாமல் அவ விக்கேலாது."

யாழ்ப்பாணத் தமிழர்களை ஆளும் தேசவழமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மணமான பெண், தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்தச் சட்டத்தை ஏட்டில் ஏற்றியவர்கள் ஒல்லாந்தர் என்பதை வாசகர்கள் அறிவர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், எங்கள் வழக்கங்களை 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். தொகுத்தவர் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டப்பட்டது. அவர்கள் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்கள்.

நான் கையொப்பமிட்டேன். எனக்குக் கீழே அவள் தமிழில் கையொப்பமிட்டாள். தன் தாய் தந்த வீட்டை அவள் விற்கும்போது, அதற்கு அனுமதி அளித்தவனாக நான் இருந்தேன். அன்று அது எனக்கு ஒரு விநோதமாகவே படவில்லை.

அந்தப் பணம் இரண்டு பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன். அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. மூன்றாமவருக்குக் கடன் பட்டிருக்கலாம். பத்திரிகையை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1997ஆம் ஆண்டு தை மாதம் அவர்கள் இருவரும் புறப்பட்டார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

பதினொரு ஆண்டுகள் வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தேன். சுற்றிவளைப்புகள் நடக்கும். வெளிநாட்டு முத்திரை ஒட்டிய கடிதக்கட்டு ஒன்று அறையில் அகப்பட்டால் பொலிஸ் நிலையத்தில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நான் பத்திரிகையாளன் என்பதால் விளக்கம் இன்னும் நீளும். ஆதலால் அவளுடைய கடிதங்களை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, வீட்டுக்காரரின் பின்வளவில் எரித்துவிடுவேன். அறையில் ஒரு துண்டுகூட வைத்திருக்கவில்லை.

அவள் 2005இல் நெதர்லாந்துப் பிரஜையானாள். 2006இல் மகளின் பல்கலைக்கழகப் படிப்பை முன்னிட்டு இருவரும் லண்டனுக்கு இடம் மாறினார்கள். அக்காலத்தில் ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிரஜாவுரிமை பெற்ற எம்மவர் பலர் அவ்வாறு பிரித்தானியாவுக்கு வந்தார்கள். ஆங்கிலக் கல்வியும், உறவுகளும், கோயில்களும் அவர்களை இழுத்தன.

எங்கள் தொழிலுக்கு அவை இருண்ட ஆண்டுகள். 2005 ஏப்ரலில் மூத்த பத்திரிகையாளர் தராக்கி சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுதபாணிகள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் பலியாகினர். என் அறைக்கும் இரவில் பெயர் சொல்லாத தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. அவற்றை நான் மனைவிக்குச் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

2007 மார்கழியில் ஓர் இரவு அவள் பேசினாள்.

"இஞ்சேருங்கோ, இனியும் அங்கை நிண்டு நீங்கள் ஆருக்கு என்ன செய்யப் போறியள்? வாறதெண்டால் வாங்கோ. வராட்டில் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. நான் பிள்ளைக்கு ஒரு மறுமொழி சொல்ல வேணும்."

"நீர் கோவிக்காதையும். வாறன்" என்றேன்.

எனக்கு முன்னால் இரண்டு வாசல்கள் இருந்தன. அகதி அந்தஸ்துக் கோருவது ஒன்று. என் நண்பர்கள் அதையே சொன்னார்கள். காரணங்களும் கையில் இருந்தன. ஆனால் அந்த வாசலால் நுழைந்தவன் திரும்பி ஊருக்கு வருவது கடினம். தாயாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. மற்ற வாசல், ஒன்றியப் பிரஜை ஒருவரின் கணவன் என்ற வாசல். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகலாம், வரலாம். நான் அதையே தெரிந்தெடுத்தேன்.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். என் மனைவி நெதர்லாந்திலேயே இருந்திருந்தால் இந்த வாசல் எனக்குத் திறந்திராது. சொந்த நாட்டிலேயே வாழும் பிரஜைக்கு அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும். 2006 மார்ச் 15 முதல் நெதர்லாந்து, அங்கு வர விரும்பும் வாழ்க்கைத் துணை தன் நாட்டில் உள்ள தூதரகத்திலேயே டச்சு மொழியிலும் சமூக அறிவிலும் தேர்வெழுதிச் சித்தியடைய வேண்டும் என்று விதித்திருந்தது. தொலைபேசியில் கணினி கேட்கும் கேள்விக்கு டச்சில் விடை சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு அது ஆகிற காரியமா? ஆனால் அதே டச்சுப் பெண் கடலைத் தாண்டி லண்டனில் வேலை செய்தால், கணவனை அழைக்க எந்தத் தேர்வும் இல்லை. இதனால் டச்சுக்காரர் சிலர் தங்கள் துணையோடு வாழ்வதற்காக அயல்நாடான பெல்ஜியத்தில் போய்க் குடியிருந்தார்கள். அதற்குப் 'பெல்ஜிய வழி' என்றே பெயர் வந்தது.

பிரித்தானியரும் இந்த வழியை அறிவர். சுரிந்தர் சிங் என்ற இந்தியர் பிரித்தானியப் பெண்ணை மணந்து, இருவரும் சில ஆண்டுகள் ஜேர்மனியில் வேலை செய்துவிட்டுத் திரும்பினர். அவ்வாறு திரும்பிய பிரஜையின் துணைக்கும் ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டென்று ஐரோப்பிய நீதிமன்றம் 1992 ஜூலை 7ஆம் திகதி தீர்ப்பளித்தது. எல்லையைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் உரிமை, வீட்டில் இருப்பவருக்கு இல்லை. எல்லை தாண்டியே வாழ்ந்த எம்மவருக்கு அது ஒரு வகையில் பொருத்தமான சட்டம்.

விண்ணப்பத்தோடு நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதிகாரி மரியாதையாகவே பேசினார். முதற் கேள்வி பெயர்களைப் பற்றியது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக என் தந்தையின் பெயர். மனைவியின் நெதர்லாந்துக் கடவுச்சீட்டில், அந்நாட்டு வழக்கப்படி பிறப்புப் பெயராக, அவளுடைய தந்தையின் பெயர். மகளுக்குக் குடும்பப் பெயர் என்னுடைய பெயர். ஒரு குடும்பத்தில் மூவருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். தமிழரின் பெயர் வழக்கத்தை விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் தடுமாறினேன்.

"நீங்கள் இருவரும் பதினொரு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழவில்லை. இந்த மணவாழ்க்கை தொடர்ந்தது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?"

அவளுடைய கடிதங்களை எரித்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றார். சொன்னேன். சொல்லும்போதே, போலித் திருமணம் செய்த ஒருவன் சொல்லக்கூடிய விடையும் இதுவாகத்தானே இருக்கும் என்று எனக்கே தோன்றியது. இருபத்திரண்டு ஆண்டு தாம்பத்தியம் காகிதத்தில் பார்க்கும்போது போலியாகத் தெரிந்தது. சான்றுகளை அனுப்பி வைக்க அவகாசம் தந்தார்.

அன்றிரவு மனைவிக்குச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கடை கடுதாசி எல்லாம் என்னட்டை இருக்கு" என்றாள். நெதர்லாந்தில் வாங்கிய பிஸ்கட் தகரம் ஒன்றில், ஆண்டு வரிசைப்படி, உறையோடு. அகதி முகாமிலிருந்து வாடகை வீட்டுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் அந்தத் தகரம் அவளோடு போயிருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றாகப் பதினொரு கடிதங்களை எடுத்துக் கூரியரில் அனுப்பினாள்.

பம்பலப்பிட்டியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு நாட்கள் கழித்து நான் போனபோது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதெல்லாம் ஆசிரியத் தலையங்கம் மாதிரியெல்லே இருக்கு. மனிசிக்கு எழுதின கடுதாசி எது?"

வாங்கிப் பார்த்தேன். சமாதானப் பேச்சு வருமா வராதா, விலைவாசி, தேர்தல், இடப்பெயர்வு. பக்கம் பக்கமாக நாட்டு நிலைமை. கடைசி வரியில், பணம் கிடைத்தது, உடம்பைப் பார்த்துக்கொள்ளும். பதினொன்றும் ஏறக்குறைய அப்படியே. 2001ஆம் ஆண்டுக் கடிதத்தில் மட்டும் ஒரு வரி வேறுவிதமாக இருந்தது. 'சின்னவள் இப்போதும் உமது சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதானா நித்திரை கொள்கிறாள்?' என்று எழுதியிருந்தேன். அந்த ஆண்டு அவளுக்குப் பதினான்கு வயது. ஒன்பது வயதில் போன பிள்ளையை நான் மனத்தில் ஒன்பது வயதிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

அந்த வரியை விட்டுவிட்டு மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டேன். "இதுதான் தம்பி வேணும்" என்றார் அவர்.

ஒரே கூரையின் கீழ் வாழ்வது மணத்துக்கு நிபந்தனையல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1985ஆம் ஆண்டிலேயே சொல்லியிருப்பதைப் பின்னாளில் அறிந்தேன். செனகல் நாட்டுப் பெண் ஒருவர் பேர்லினில் தம் பிரெஞ்சுக் கணவரைப் பிரிந்து தனி வீட்டில் வசித்தார். மணம் சட்டப்படி முறியாதவரை அவர் மனைவியே என்றது நீதிமன்றம். என் விடயத்தில் அதிகாரியை எது திருப்திப்படுத்தியது என்பது எனக்குத் தெரியாது. சில வாரங்களில் அனுமதி வந்தது. 2008 ஜூனில் லண்டன் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் மனைவிக்கு அருகே, அவளை விட உயரமான பெண்ணொருத்தி கைபேசியில் டச்சில் பேசிக்கொண்டு நின்றாள். அவள் என் மகள்.

வதிவிட அட்டைக்கான விண்ணப்பப் படிவத்தை நான் நிரப்பினேன். அந்தப் படிவத்தில் முதன்மையானவர் அவள். அவளுடைய பிரஜாவுரிமை, அவளுடைய தொழில், அவளுடைய சம்பளத் துண்டுகள். என்னைப் பற்றிக் கேட்டது, நான் அவளுக்கு என்ன உறவு என்பதே. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பிறருடைய தாய் தந்தையரைக் குளிப்பாட்டி, உணவூட்டி அவள் உழைத்த ஊதியத்தின் துண்டுகள்தான் நான் இந்நாட்டில் இருப்பதற்கு ஆதாரம். அவள் வேலையை விட்டு நின்றால் என் கால் வைத்திருக்கும் நிலமும் ஆடும்.

"நான் சரி பார்த்திட்டன், நீர் வாசிக்கத் தேவையில்லை. கையெழுத்தை மட்டும் வையும்" என்றேன்.

"வாசிச்சுப்போட்டுத்தான் வைப்பன்" என்று சொல்லி, எழுத்தெழுத்தாக வாசித்தாள். எங்கள் திருமணத் திகதியை நான் ஒரு நாள் பிழையாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தாள். திருத்திய பின்னர், 1996இல் உறுதியில் இட்ட அதே தமிழ்க் கையொப்பத்தை இட்டாள்.

அந்தக் கணத்தில்தான் நொத்தாரிசின் மேசை எனக்கு ஞாபகம் வந்தது. தன் தாய் கொடுத்த காணியை விற்பதற்கு அவளுக்கு என் கையொப்பம் வேண்டியிருந்தது. இப்போது நான் இருப்பதற்கு அவளுடைய கையொப்பம் வேண்டும். முந்திய சட்டத்தை எழுதி வைத்ததும் ஒல்லாந்தர். பிந்திய உரிமையைத் தந்ததும் ஒல்லாந்துக் கடவுச்சீட்டு. அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

அடுத்த ஆண்டு, 2009இல், அட்டை கைக்கு வந்தது. அந்த மாதங்களில் வன்னியில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் செய்தி மேசையில் இருந்தவன், மே மாதத்தின் அந்த நாட்களில் பொதிகள் தரம் பிரிக்கும் களஞ்சியமொன்றில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். இடைவேளையில் கைபேசியில் செய்தி பார்ப்பேன். பகலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் கூடிய மக்களோடு போய் நிற்பேன். பத்திரிகைக்காக மனைவி பிள்ளையை விட்டிருந்தேன். பிறகு அவர்களுக்காகப் பத்திரிகையை விட்டேன். இரண்டையும் பிழையான காலத்தில் செய்தேன் என்று அப்போது எண்ணினேன்.

2010 இறுதியில் தாயார் படுக்கையில் விழுந்தார். 2011 ஜனவரி 9ஆம் திகதி புறப்பட்டு ஊருக்குப் போனேன். நிரந்தர வதிவிட உரிமைக்கான ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆண்டொன்றில் மொத்தமாக ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே நின்றால் தொடர்ச்சி அறும். படிவத்தோடு வந்த விளக்கக் குறிப்பில் அதை வாசித்து, நாட்காட்டியில் நாட்களை வெட்டிக்கொண்டு வந்தேன்.

கரவெட்டி வீட்டில் தாயார் தினமும் கேட்பார்: "இன்னும் எத்தினை நாள் லீவு, தம்பி?" முதலில் 'நிறைய நாள் இருக்கு' என்பேன். ஏப்ரலுக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஜூன் 29ஆம் திகதி, 171ஆவது நாள், விடை பெற்றேன். "போட்டு வா" என்றார். 2011 ஜூலை 18ஆம் திகதி அவர் காலமானார். நான் புறப்பட்டுப் பத்தொன்பது நாட்கள். தங்கையின் மகன் கொள்ளி வைத்தான்.

2013இல் நிரந்தர வதிவிடத்துக்கான படிவம் நிரப்பியபோது, வழக்கம்போல மனைவி விளக்கக் குறிப்புகளை முதலிலிருந்து வாசித்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழ் விரலை வைத்தாள்.

முக்கியமான காரணங்களுக்காக ஒரு தடவை, தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதங்கள் வரை வெளியே நின்றாலும் தொடர்ச்சி அறாது என்று அந்த விதியின் பிற்பகுதி சொல்கிறது. மகப்பேறு, கடும் நோய், கல்வி போன்றவை அதற்கு உதாரணங்கள். யாருடைய நோய் என்று அந்த வரி வரையறுக்கவில்லை. தாயின் நோயை ஏற்றிருப்பார்களா, மறுத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. நான் கேட்கவேயில்லை. வாக்கியத்தின் முற்பகுதியை வாசித்துவிட்டு, அரைப்புள்ளியோடு நிறுத்தியிருக்கிறேன். பிறர் எழுதிய ஒவ்வொரு வரியையும் முற்றுப்புள்ளி வரை திருத்துவதுதான் என் தொழிலாக இருந்தது.

அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை.

நிரந்தர வதிவிட அட்டை 2014இல் வந்தது. அத்தோடு காகிதங்களின் கதை முடிந்தது என்று நினைத்தோம். 2016 ஜூன் 23ஆம் திகதி, பிரித்தானியா ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியப் பிரஜைகளில் அயர்லாந்து, மால்ட்டா, சைப்பிரஸ் நாட்டவர் தவிர ஏனையோருக்கு அதில் வாக்கில்லை. பொதுநலவாய நாட்டுப் பிரஜைகள் இங்கு வசித்தால் அவர்களுக்கு வாக்குண்டு. அதாவது, உரிமையின் ஊற்றாக இருந்த என் மனைவிக்கு வாக்கில்லை. அவளுடைய உரிமையால் வந்து சேர்ந்த, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு வாக்கு இருந்தது.

வாக்களிப்பு நிலையம் அருகிலிருந்த ஆரம்பப் பாடசாலை. கூடவே நடந்து வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள். "என்ரை வோட்டையும் சேத்துப் போட்டிட்டு வாங்கோ" என்றாள். உள்ளே போய், இருக்க வேண்டும் என்பதற்கு நேரே புள்ளடியிட்டேன். மறுநாள் காலையில் 51.9 வீதத்தினர் விலகுவதற்கு வாக்களித்திருந்தது தெரிந்தது. "இப்ப உங்களாலைதான் நான் இருக்கிறன் போலை" என்று சொல்லி அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் 'என்னாலைதான் நீங்கள்' என்ற சொல் அதுவரை ஒரு தடவையும் வந்ததில்லை. எத்தனையோ சண்டைகளில் அது வரும் வரும் என்று நான் காத்திருந்திருக்கிறேன். அவள் சொன்னதேயில்லை.

2020 ஜனவரி 31ஆம் திகதி பிரித்தானியா விலகியது. அந்த ஆண்டின் இறுதியோடு இடைக்காலமும் முடிந்தது. முன்பிருந்தே வாழ்பவர்கள் 2021 ஜூன் 30க்குள் புதிய அந்தஸ்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் 2019இலேயே செய்து முடித்தோம். அவளும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, நானும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது அவரவர் உரிமை அவரவர் பெயரில் இருக்கிறது.

நண்பரின் மகனுக்குச் சொல்லாமல் விட்டவை இவைதான். பிரித்தானியாவில் அந்த வாசல் புதிதாக வருவோருக்கு மூடப்பட்டுவிட்டது. ஒன்றியத்தின் இருபத்தேழு நாடுகளில் அது திறந்திருக்கிறது. டப்ளினும் அதில் ஒன்று. ஆனால் வாசலைத் திறப்பது மனைவியின் கை என்பதை அவன் விளங்கிக்கொண்டு போக வேண்டும். அவள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் அவனுக்காகவும் போகிறாள். அதை அவன் சுமையாகவும் கொள்ளக் கூடாது, மறக்கவும் கூடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'என்னால்தான் உனக்கு விசா' என்று நாளாந்தம் மிரட்டப்படும் பெண்களை இங்கே சந்தித்திருக்கிறேன். அடி வாங்கிக்கொண்டு ஐந்தாண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பணிப்புரை அவர்களைக் கைவிடவில்லை. மணம் குறைந்தது மூன்று ஆண்டுகள் நீடித்து, அதில் ஓராண்டாவது அந்நாட்டில் வாழ்ந்திருந்தால், மணமுறிவுக்குப் பின்னரும் நிபந்தனைகளுடன் உரிமை தொடரலாம். வீட்டு வன்முறைக்கு ஆளானவருக்கு அந்தக் கால எல்லை இல்லாமலும் தொடரலாம். ஓராண்டு அந்நாட்டில் வாழ்ந்த பின் துணை இறந்துபோனாலும் தொடரலாம். வாக்கியங்களை இறுதிவரை வாசியுங்கள். முற்பகுதி அச்சுறுத்தும். பிற்பகுதியில் வழி இருக்கக்கூடும்.

அன்று மாலையே அவனைத் திரும்ப அழைத்தேன்.

"தம்பி, அந்தப் பிள்ளையோடை கடிதப் போக்குவரத்து இருக்கோ?"

"வாட்ஸ்அப்பிலை ஒவ்வொரு நாளும் கதைக்கிறம், அங்கிள்."

"அதுகளை அழிக்காமல் வை."

விசாவுக்காகச் சொல்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான். அதற்கும்தான்.

அந்தப் பிஸ்கட் தகரம் இப்போதும் எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதற்குள் இருப்பவை எல்லாம் நான் எழுதியவை. அவள் எழுதியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.